நைனா பாடி ரெடி

இங்கிலீஷ்காரன் கப்பலேறிப் போனபோது சில சொற்களை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். நாம் அவற்றை எடுத்து, அவனே வந்து கேட்டாலும் புரியாத அளவுக்குப் புழங்கிக்கொண்டிருக்கிறோம். அதில் எனக்கு வருத்தமில்லை. 'பாடி' என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் அவன் கையோடு எடுத்துப் போயிருக்கலாம் என்று தோன்றும்.

அந்தச் சொல் எனக்கு முதலில் அறிமுகமானது சைஸோடு. திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்து பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா உள்ளாடை மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். கடைப் பலகையிலேயே 'ஜட்டி, பனியன், பாடி' என்று எழுதியிருக்கும். ஜாக்கெட்டுக்கு உள்ளே பெண்கள் போடுகிற பருத்தி உடுப்புக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஊரில் காலேஜ் முடித்துவிட்டு நான் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே பாடி அட்டைப் பெட்டியில் டஜன் டஜனாக வருவது.

பிறகு ஒருநாள் பஸ்ஸில் போகும்போது கண்டக்டர், "பாடியெல்லாம் முன்னாடி வந்துடு" என்று கூவினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பின்சீட்டிலிருந்து ஐந்தாறு பேர் சாவகாசமாக எழுந்து முன்னால் போனார்கள். பாடி என்பது அம்பத்தூர் போகிற வழியில் இருக்கும் ஊர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஜிம்முக்குப் போகிற தோஸ்து "பாடி ஏத்தணும் மாமு" என்றான். காசிமேட்டில் படகுக்கு ஒரு பாடி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்று "பாடி எப்ப குடுப்பாங்க" என்று கேட்கிறவர்களின் பாடியும் தெரிந்தது. சரி, இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒன்று பாக்கி இருந்தது.

அதற்குள் எனக்குக் கல்யாணமாகிவிட்டது. காதல் கல்யாணம். தேவி ராயபுரத்துப் பெண். அவள் அப்பா கஜேந்திரன் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, சொந்தக் குட்டியானை மினி லாரியில் ஏற்றி ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். வீட்டுக்கும் தெருவுக்கும் அவர் நைனா. எங்கள் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. கடையிலிருந்தும் என்னை அனுப்பிவிட்டார். நான் அதே தெருவில் நாலு கடை தள்ளி இன்னொருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். (அங்கேயும் பாடிதான்.) தினமும் அப்பா என்னைக் கடந்து டீ குடிக்கப் போவார். என்னை ஒரு கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

நைனா கல்யாணத்துக்கு வந்தார். போட்டோவிலும் நின்றார். ஆனால் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதே, "தேவி, உன் வூட்டுக்காருக்கு இன்னும் கொயம்பு ஓணுமான்னு கேளு" என்பார். தேவி என்னைப் பார்ப்பாள். "போதும்" என்று தேவியிடம் சொல்வேன். அவள் அவரிடம் சொல்வாள். (மூன்று பேரும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருப்போம்.)

அந்த வருஷம் நைனாவுக்கு ஒரு தடவை நெஞ்சுவலி வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேவியின் அம்மா, அதாவது என் அத்தை, அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார்: இனிமேல் மீன் வேண்டாம், வண்டி வேண்டாம், வண்டியை விற்றுவிடு. நைனா தலையாட்டினார். அவர் சத்தம் போடாமல் தலையாட்டினால் அந்தக் காரியத்தைச் செய்யப்போவதில்லை என்று அர்த்தம். அது அத்தைக்கே மறந்திருந்தது. எனக்கு எங்கே தெரியும்?

ஒரு சனிக்கிழமை காலை. முகூர்த்த நாள் நெருக்கம். கடையில் கால் வைக்க இடமில்லை. நான் ஏணிமேல் நின்று பெட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பின்னால் ஏதோ 'கிர்ர்' என்று மெஷின் ஓடும் சத்தம்.

"நீ கஜா நைனா மாப்ளதானே?"

"ஆமாங்க."

"மாத்தூர்லேந்து பேசறேன் தம்பி. நைனா பாடி ரெடியா கீது. வந்து எத்துகினு போயிடு."

ஏணியில் ஒரு படி இறங்கினேன். "எ... எது ரெடி?"

"பாடிப்பா. நைனா பாடி."

"எப்ப ஆச்சு?"

"காத்தாலயே முடிஞ்சிச்சி. நாளிக்கிதான் முடியும்னு நெனச்சிகினு இருந்தோம். மள மளன்னு முடிஞ்சிச்சி."

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

"அத்தெல்லாம் ஒரு கஷ்டமும் இல்ல. கூடவே நம்ம பசங்க நாலு பேர் இருந்தாங்கோ." அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. "நைனாவுக்கு போன் அடிச்சா சுவிட்ச் ஆப்ல கீது. அத்தான் உன்கு அடிச்சேன். அவுருதான் உன் நம்பரைக் குடுத்தாரு. நான் எடுக்கலன்னா மாப்ளைக்கு அடின்னு சொன்னாரு."

கண் நிறைந்துவிட்டது. ஒரு வருஷமாக என்னோடு பேசாத மனுஷன் கடைசி நேரத்தில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"நாலு பேர் வந்தாப் போதுங்களா, தூக்க?"

"நாலு பேர் இன்னாத்துக்குப் பத்தும்? செம வெயிட்டு. நீ வண்டிய மட்டும் எட்தா. தூக்கி வெக்க இங்க ஆள் கீது." பிறகு சமாதானமாகச் சொன்னார்: "பொட்டி நல்லா சீல் போட்டு கீது தம்பி. உள்ளாற ஐஸ் வெச்சா ஒரு நாள் பூரா தாங்கும். ஆனா சீக்கிரம் எத்துடு. இன்னும் ரெண்டு பாடி வந்து வெளிய வெயில்ல நிக்குது, எடம் இல்ல."

லொகேஷன் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த இரண்டு பாடிகளும் வெயிலில் எப்படி நிற்கின்றன என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஏணியிலேயே உட்கார்ந்து அழுதேன். பாடி வாங்க வந்த ஒரு அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

தேவிக்குப் போன் செய்தேன்.

"நைனா எங்க தேவி?"

"விடிகாலைல காசிமேடு ஆர்பருக்குப் போனாரு. அம்மாவுக்குத் தெரியாம வண்டிய வேற எட்துனு போயிருக்காரு. போனும் ஆப்ல கீது. ஏன், உன் குரல் ஒரு மாதிரியா கீது?"

"மாத்தூர்லருந்து போன் வந்துச்சு தேவி. நைனா... பாடி ரெடியாம். வந்து எடுத்துக்கச் சொல்றாங்க."

அந்தப் பக்கம் போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் அத்தையின் குரல். அந்தக் குரல் கேட்டு அடுத்த வீடும், அதைக் கேட்டு அதற்கடுத்த வீடும். ராயபுரத்தில் செய்தி அனுப்ப வேறு எதுவும் தேவையில்லை.

(பிற்காலத்தில் நான் தேவியிடம் கேட்டேன், நீ இந்த ஊர்க்காரி, உனக்குமா புரியவில்லை என்று. "நீ அய்துகினே பாடின்னு சொன்னா, நான் வேற எந்தப் பாடிய நெனைக்கிறது?" என்றாள். நியாயம்தான்.)

அடுத்து ஒரு போன் செய்ய வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த நம்பரை நான் தொட்டதில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார். பேசவில்லை.

"அப்பா. மாமா இறந்துட்டாவ."

நாலு கடை தள்ளி அவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது. "எப்பம்ல?"

"காலையில."

"சரி. நீ முன்னால போ. ஆக வேண்டியதப் பாரு. நான் கடையச் சாத்திட்டு வாறேன்."

முகூர்த்த சீசனில் அப்பா கடையைச் சாத்தி நான் பார்த்ததில்லை. அதைக் கேட்டதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. மச்சான் யாரும் இல்லாத வீடு. நான்தான் பிள்ளை. என்னைப் பற்றி ஒருவரும் குறை சொல்லக்கூடாது. நான் செய்த ஏற்பாடுகளைப் போல, நைனா உயிரோடு இருக்கும்போது அவருக்கு யாரும் செய்ததில்லை (உயிரோடுதான் இருந்தார், அது வேறு விஷயம்). தெருவை அடைத்துச் சாமியானா. நாற்காலி. சாவு மேளம். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு என்னிடம் இருந்த ஒரே போட்டோ கல்யாணத்தில் எடுத்தது. என் பக்கத்தில் நின்றுகொண்டு நைனா கேமராவை அடிக்கப்போவதுபோலப் பார்ப்பார். பேனர்காரர் என் முகத்தை வெட்டிவிட்டு, "செத்தவரு ரொம்பக் கோவமா கீறாரே சார், சிரிச்ச மாதிரி வேற இல்லியா?" என்றார். இல்லை என்றேன். பின்னால் மேகம் வைத்துச் சமாளித்தார்.

பிறகு அமரர் ஊர்தியை வரவழைத்து, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் அமைதியான ஆள். மணலி தாண்டும் வரை பேசவில்லை. மாத்தூருக்குள் நுழைந்து லொகேஷன் ஒரு மண் ரோட்டில் திருப்பச் சொன்னதும்தான் கேட்டார்.

"எந்த ஆஸ்பத்திரி சார்?"

"தெரியலைங்க. லொகேஷன் இங்கதான் காட்டுது."

"இந்த ரோட்ல ஆஸ்பத்திரி எதும் கெடையாதே."

ரோட்டின் இரண்டு பக்கமும் தகர ஷெட்டுகள். வெல்டிங் பொறி பறந்தது. லொகேஷன் நின்ற இடத்தில் ஒரு பலகை: 'இங்கு எல்லா விதமான பாடிகளும் உறுதியாகவும் அழகாகவும் கட்டித் தரப்படும்.' நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மொத்தமாக ஒன்றும் புரியவில்லை. வாசலில் சக்கரமே இல்லாத லாரி முதுகுகள் இரண்டு, வெயிலில் நின்றுகொண்டிருந்தன.

உள்ளேயிருந்து ஒரு பாய் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். போனில் பேசிய அதே குரல். "நைனா மாப்ளயா? வா தம்பி. இன்னா இது, கண்ணெல்லாம் செவந்து கீது, வெல்டிங்கப் பாத்துட்டியா?"

"எங்கங்க?"

"உள்ளதான், வா."

தோளில் கை வைத்து அழைத்துப் போனார். ஷெட்டின் நடுவில் மரக்கட்டைகளின்மேல் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி. ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. பக்கவாட்டில் பளபளவென்று ஒரு வஞ்சிர மீன் வரைந்திருந்தது. மூலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"கதவத் தொறந்து பாரு தம்பி. உன் கையால தொற."

திறந்தேன். உள்ளே புதுப் பெயிண்ட் வாசனை. வேறு ஒன்றுமே இல்லை.

"உள்ள யாரும் இல்லையே" என்றேன்.

பாய் எட்டிப் பார்த்தார். "யாரு இருக்கணும்?"

"மாமா."

"நைனாவா? அவரு எதுக்கு இதுல போய் உக்கார்றாரு? மீன் வெக்கிற பாடிப்பா இது." பாயின் பார்வை என் தோளுக்குப் பின்னால் போய், வாசலில் நின்ற அமரர் ஊர்தியின்மேல் நிலைத்தது. "தம்பி, குட்டியானைய எட்தாருவன்னு பாத்தா, இன்னா வண்டிய எட்தாந்திருக்க? இதுல எப்படி பாடி மாட்றது?"

அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். நைனா அத்தைக்குத் தெரியாமல் வண்டிக்குப் புதிதாக ஐஸ் பாடி கட்டச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அவர் உயிரோடு இருக்கிறார் என்று சந்தோஷப்பட நான் வாயைத் திறந்தேன்; சாமியானா ஞாபகம் வந்தது; மூடிக்கொண்டேன்.

டிரைவர் உள்ளே வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நம்ம வண்டில ஏறாது சார்" என்றார்.

தேவிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அத்தை எடுக்கவில்லை. அப்பாவின் போனை யாரோ எடுத்தார்கள். மேளச் சத்தம் மட்டும் கேட்டது. "நைனா சாகலைங்க" என்று கத்தினேன். "ஆமாம்பா, நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அந்த மண் ரோட்டில் ஒரு ஆட்டோகூட இல்லை. வந்த வண்டியிலேயே திரும்பினேன்.

ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் திரும்பியபோது என் முட்டாள்தனம் முழு அளவில் தெரிந்தது. நைனா பேனரில் மேகத்துக்கு நடுவிலிருந்து என்னை முறைத்தார். தெரு நிறையச் சனம். அமரர் ஊர்தியைக் கண்டதும் மேளம் வேகம் பிடித்தது. பெண்கள் எல்லாரும் எழுந்து ஓடிவந்தார்கள். வண்டி நின்றது. பின்கதவை நாலு பேர் திறந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. முன்கதவைத் திறந்து நான் இறங்கினேன்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டையில், ஒரு பெரிய ரோஜா மாலையோடு அப்பா முன்வரிசையில் நின்றிருந்தார். "பாடி எங்கல?" என்றார்.

"மாத்தூர்ல இருக்குப்பா. ஆனா அது இந்தப் பாடி இல்ல."

"பின்ன எந்தப் பாடி? யார் பாடிய எடுக்கப் போன நீ?"

அந்த நேரத்தில், வழியை அடைத்துக்கொண்டு நின்ற ஊர்திக்குப் பின்னாலிருந்து ஒரு ஹாரன். விட்டுவிட்டு, எரிச்சலாக. பழைய குட்டியானை. அதிலிருந்து லுங்கியோடு நைனா இறங்கினார். கையில் ஈரம் சொட்டும் ஒரு கூடை.

"யார் வூட்ல சாவு?" என்று நாற்காலி போடுகிறவரிடம் கேட்டார். அவர் வாயைத் திறந்தபடி பேனரைக் காட்டினார். நைனா நிமிர்ந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் படித்தார்.

"இந்த போட்டோ வாணாம்னு அன்னிக்கே சொன்னேனே" என்றார்.

மேளம் நின்றது. கூட்டம் வழிவிட்டது. அத்தை நடந்து வந்து அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். தோளைத் தொட்டார். கூடையைப் பார்த்தார்.

"எங்கய்யா போன?"

"பயவேற்காட்டுக்கு. நல்ல எறா வந்துச்சின்னாங்கோ. போனு தண்ணில வியுந்துட்சி."

"வேலைக்குப் போவாதன்னு சொன்னேனா இல்லியா?"

நைனா தலையாட்டினார். அத்தை திரும்பி என்னைக் கேட்டார், "மாத்தூர்ல இன்னா பாடி?" நான் நைனாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவர் கண்ணால் சொன்னார். எனக்கு அவர் சொன்ன முதல் விஷயம் அது. ஆனால் அன்றைக்கு இருந்த நிலைமையில் இன்னொரு மர்மத்தைத் தாங்க அந்தத் தெருவுக்குத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அத்தை நைனாவைத் திட்டியதை, சாவுக்கு வந்த அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள். தேவி எதையும் கேட்கவில்லை. நைனாவின் லுங்கியைச் சிறு பிள்ளைபோலப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

எங்கள் அப்பாதான் பாவம். கையில் மாலை. கீழே வைக்கவும் மனமில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தவராக முன்னால் போய், நைனாவின் கழுத்தில் போட்டார். "நல்லா இருக்கணும் நீங்க" என்றார்.

"வாங்க சம்மந்தி. மொத மொதல்ல வந்து கீறீங்க" என்றார் நைனா, மாலையைச் சரி செய்துகொண்டே. "சாப்டாம போவக்கூடாது."

பழவேற்காட்டு இறால் முழுவதும் அன்றைக்கு அந்தச் சாமியானாவுக்குக் கீழேயே குழம்பானது. மேளக்காரர்கள் முதல் பந்தி. ஊர்தி டிரைவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். அப்பாவும் நைனாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு அறிவு எந்த வயதில் வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் இருவருக்கும் முழு உடன்பாடு.

நான் ஒரு ஓரமாக நின்றிருந்தேன். நைனா இலையை விட்டு எழுந்து, கை கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தார். நடுவில் தேவி இல்லை. மாலை இன்னும் கழுத்தில் இருந்தது.

"மாப்ள" என்றார். "நான் கீறேன்."

"சரிங்க மாமா" என்றேன்.

அடுத்த வாரமே வெள்ளைப் பெட்டி குட்டியானையில் ஏறியது. அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தினமும் ஆர்பர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்ய வேண்டும். அத்தைக்குச் செய்தால் திட்டு விழும் என்பதால் நைனா எனக்குச் செய்கிறார். வருஷங்கள் ஆகிவிட்டன. விடிகிற நேரத்தில் போன் அடிக்கும். பின்னால் ஏலச் சத்தம் கேட்கும். "மாப்ள, கீறேன்" என்பார். வைத்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு.

போன மாசம் ஒருநாள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கண்ணைத் திறக்காமலேயே, "சரிங்க மாமா, எப்ப வந்து எடுத்துக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாராம். இப்போது காசிமேட்டில் நான் மீன் வாங்கப் போனால் ஒருவரும் விலை சொல்வதில்லை. "எப்ப எடுத்துக்கிற மாப்ள?" என்றுதான் கேட்கிறார்கள்.